நார் அறுக்கும் கட்டரும் என் வலது கையும்

கண்ணு நித்யா,

அந்தக் கேள்வியை நீ கேட்டபோது பட்டறைக் கதவு திறந்திருந்தது. எதிரே பேருந்துக்கு நின்றவர்கள், டீக்கடைக்காரர், ரேஷன் கடைக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எல்லோர் காதிலும் அது விழுந்தது. “நான் இந்த ஊர விட்டுப் போகக் கூடாதுன்னுதானே கட்டரை மழுக்கி மழுக்கி அனுப்புனீங்க?” என்று கேட்டாய். பெற்ற தாயைப் பார்த்து மகள் இப்படிக் கேட்டாளே என்று நம் ஊர் ஜெகதளாவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. தெருவறியக் கேட்ட கேள்விக்குப் பதிலும் தெருவறியத்தான் இருக்க வேண்டும் என்பதால், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். நீயும் புனேயில் உன் புது அறையில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அவசரப்படாமல் படி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நன்றி சொல்லும் கடிதம். மன்னிப்பு எங்கே வருகிறது என்று தேடித் தேடிப் படிக்காதே, கிடைக்காது. உன்மேல் எனக்கு வருத்தமும் இருக்கிறது, அதுவும் நடுநடுவே வரும். நன்றி சொல்கிறவள் வருத்தத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் தொழில் தேயிலை ஆலைகளின் உருளைகளுக்குப் பல் தீட்டுவது. வதங்கிய இலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே போகும். உருளை முழுக்கப் பொடிப் பொடியான பற்கள். ஓர் உருளை மெதுவாகச் சுற்றி இலையைப் பிடித்துக்கொள்ளும், மற்றது வேகமாகச் சுற்றிக் கிழிக்கும். பல் தேய்ந்துவிட்டால் இலை கிழியாது, நசுங்கும். தூளின் நிறம் மங்கும், ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள். அப்போது உருளையை ஜீப்பில் ஏற்றி என்னிடம் கொண்டுவருவார்கள். உன் அப்பா இருந்தவரை மெஷினைத் துடைப்பது மட்டும்தான் என் வேலை. அவர் போன பிறகு உன் பெரியப்பா மெஷின்களை விற்றுவிடலாம் என்று ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். “பொம்பள சாணை புடிச்சா எவன் உருளை குடுப்பான்?” என்று என்னிடமே கேட்டார். வந்த ஆளுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆலையில் கழித்துப் போட்ட ஓர் உருளையை வாங்கிவந்து, அதில் பள்ளம் போட்டு, கெடுத்து, மறுபடி போட்டு, அப்படித்தான் படித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை என்று எழுதினால் பெருமை போலத் தெரியும். கேட்டேன், சொல்லித் தரவில்லை என்று எழுதுவதுதான் சரி. அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

மஞ்சூர்ப் பக்கத்து ஆலையிலிருந்து மெஷின் பார்க்கும் பிட்டர் ஒருவர் முதல் தடவை உருளையோடு வந்ததைச் சொன்னால் நீ சிரிப்பாய். வாசலிலேயே நின்றுகொண்டு, “ஏனுங்க அம்மிணி, ஊட்டுல ஆம்பளைங்க இல்லீங்களா?” என்றார். “இருக்கறாருங்க, செவுத்துல, மாலை போட்டுக்கிட்டு. வேணும்னா அவருகிட்டயே குடுத்துட்டுப் போங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் உன் அப்பாவின் படத்தைப் பார்த்தார், பிறகு உருளையை என்னிடமே இறக்கினார். இன்றுவரை அந்த ஆலை உருளை என்னிடம்தான் வருகிறது. பிட்டர் ஓய்வு பெற்ற பிறகும் பொங்கலுக்கு வந்து போகிறார். ஆனால் அவர் கேட்டதை நான் மறக்கவில்லை, அவருக்கும் அது தெரியும்.

அந்த முதல் வருடத்தில்தான் பச்சைக் கல் என் கைக்கு வந்தது. நான் தீட்டிய உருளையில் அரைத்த தூளில் ஒரு மேனேஜர் காந்தத்தை வைத்துப் பார்த்தார். மயிர் போன்ற இரும்புப் பிசிறு ஒட்டிக்கொண்டு வந்தது. பல் வெட்டினால் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும், அதை எடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் தூளை மேஜையில் கொட்டி, ஆலை ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும், “இதுல டீ போட்டு உங்க புள்ளைக்குக் குடுப்பீங்களா?” என்று கேட்டார். நீ அப்போது என் இடுப்பில் இருந்தாய். அன்றிலிருந்து, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பச்சைச் சாணைக்கல் என் ஏப்ரன் பையில் இருக்கிறது. பட்டறையை விட்டு வெளியே போகும் எந்தப் பொருளின் விளிம்பும் அதனிடம் ஓர் இழுப்பு வாங்காமல் போகாது. உருளை, கவாத்துக் கத்தி, தேயிலை வெட்டும் கத்தரி, பக்கத்து வீட்டு அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான்.

இனி உன் கால். நடை பழகி முடித்த வயதில் வந்த காய்ச்சல் உன் இடது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போனது. காலைத் தாங்கிப் பிடிக்கும் இரும்பு காலிபரைக் கோயம்புத்தூரில் செய்து மாட்டினோம். நீ வளர்ந்தாய், அது வளரவில்லை. பிறகு பக்கப் பட்டைகளை நானே வெட்டி, துளை போட்டு, பள்ளிக்கூடம் திறக்கும் முன் ஒவ்வொரு வருடமும் நீட்டினேன். அந்த இரும்போடுதான் இந்த ஊரின் படிகளையெல்லாம் ஏறினாய். குன்னூர் பேருந்தில் ஓர் அம்மாள் உன்னைப் பார்த்து, “பாவம், புள்ள” என்றதும், நீ, “என் கால்ல இரும்பு இருக்குதுங்க, மிதிச்சா உங்களுக்குத்தான் பாவம்” என்றாய். பேருந்தே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இவளுக்காக நான் இனிமேல் பயப்பட வேண்டியதில்லை என்று அன்று நினைத்தேன். அதற்கு உனக்கு நன்றி சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

நீ மெக்கானிக்கல் படித்தாய். கோயம்புத்தூரில் ஒரு டூல் பட்டறையில், மெஷினில் மாட்டி அறுக்கும் கட்டர்களை வரையும் வேலையில் சேர்ந்தாய். புனே கம்பெனியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். கார்பன் நார்ப் பலகைகளை அறுப்பதற்கென்றே கட்டர் வடிவமைக்கும் வேலை. அதே சமயத்தில், கோயம்புத்தூரில் காலிபர் செய்யும் சேகர் உனக்குக் கார்பன் நாரிலேயே புது காலிபர் செய்து கொடுத்தார். அதை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு கீரைக்கட்டு எடைகூட இல்லை. இத்தனை வருடமாக உன் காலில் நான் எதைக் கட்டி அனுப்பினேன் என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. நீ அதைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் ஏறி இறங்கினாய், யாரையும் பிடிக்காமல். “இது இருந்தா நான் தனியா எந்த ஊருக்கு வேணாலும் போவேம்மா” என்றாய். இரும்போடு அது முடியாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த காலிபரின் மேல் ஓரம் உன் தொடையைக் கிழித்தது. கார்பன் நாரைத் துணி போல அடுக்கி, ரெசின் என்னும் பிசினை ஊற்றி இறுகவைத்து, பிறகு ஓரத்தைக் கட்டரால் சீவுகிறார்கள். சேகரிடம் இருந்தது இரும்புக்கான கட்டர். அது நாரை அறுக்காமல் பிய்த்தது. கண்ணுக்குத் தெரியாத முட்கள் ஓரமெல்லாம் நின்றன. சேகர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே ரெசின் பூசிக் கொடுத்தார். சில வாரம் தாங்கியது, மறுபடி முள் தலைகாட்டியது. நீ என்னிடம் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட துணியில் ரத்தப் புள்ளியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதற்குள் புண் சீழ் வைத்திருந்தது. புண் ஆறி, ஓரம் சரியாகும்வரை இதைப் போடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நீ புனேக்காரர்களிடம் பொங்கல் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய இரும்பை மறுபடி மாட்டிக்கொண்டு என் பட்டறையில் வந்து உட்கார்ந்தாய். நோவை மறைத்துவைக்கும் பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று கேட்காதே. அங்கே போயும் மறைக்காதே. தினமும் குளித்ததும் தொடையைப் பார், கண்ணாடி வைத்துப் பார்.

“அம்மா, சேகரண்ணனுக்கு நாமளே கட்டர் செஞ்சு குடுக்கலாம்” என்றாய். சிம்மாசனத்தில் உட்கார்ந்த ராணி ஆகிவிட்டது போல் இருந்தது எனக்கு. கார்பைடு என்னும் கெட்டி உலோகக் கம்பியை மெஷினில் மாட்டி, உருளைப் பல்லைப் போலவே தடிமனாக, திடமாக ஒன்று தீட்டிக் கொடுத்தேன். அறுத்துப் பார்த்தாய். ஓரம் நாலு நாள் சவரம் செய்யாத தாடை போல வந்தது.

“அம்மா, இலையக் கிழிக்கற பல்லு இதுக்கு ஆவாது. இது அறுக்கோணும்.”

“இலையும் நார், இதும் நார். என்ன பெரிய வித்தியாசம்?”

“இலை கிழிஞ்சாத்தான் சாறு வரும், சரி. இது அப்படியில்ல. மொண்ணையா தள்ளுனா சாஞ்சு குடுக்கும். கட்டர் அக்கட்டால போனதும் மறுபடி நிமுந்து நிக்கும்.”

“உன்னைய மாதிரின்னு சொல்லு.”

“உன்னைய மாதிரி.”

நீ என்னை ‘நீ’ என்று பேசும்வரை வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கோபம் வந்தால்தான் ‘நீங்க’ ஆவேன்.

நீ காகிதத்தில் வரைந்து காட்டியதை முதலில் நான் ஏற்கவில்லை. ஒரே பக்கமாகச் சுருண்ட பள்ளம் போட்ட கட்டர், தூளை மேலே தூக்கும்போது மேல் அடுக்கையும் சேர்த்துத் தூக்கிப் பிரித்துவிடும் என்றாய். திருப்பிப் போட்டால் கீழ் அடுக்கு பிதுங்கும். ஆகவே கட்டரின் கீழ்ப்பாதி மேல்நோக்கி இழுக்க வேண்டும், மேல்பாதி கீழ்நோக்கி அமுக்க வேண்டும், இரண்டும் பலகையின் கனத்துக்குள் சந்திக்க வேண்டும், அப்போது இரண்டு பக்கத்துத் தோலும் உள்ளே அமுங்கியபடியே அறுபடும் என்றாய். அறுபட்ட நார் நிமிர்ந்து கட்டரின் முதுகை உரசிச் சூடேற்றும், சூட்டில் ரெசின் இளகும், அதனால் முதுகை இன்னும் சரித்துவிடு என்றாய். அவ்வளவு சரித்தால் விளிம்பு பொக்கென்று உடையும் என்றேன். உடையட்டும், உடைந்தால் வேறு தீட்டலாம், மொண்ணையாக நீடித்து என்ன லாபம் என்றாய். இந்த ஒரு விஷயத்தில் நான் இன்றும் முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் நீ சொன்னபடிதான் தீட்டினேன். சாய்ந்த பள்ளம் போடுவது எனக்குத் தண்ணி பட்ட பாடு. இடப்பக்கச் சுருளும் வலப்பக்கச் சுருளும் ஒரே கம்பியில் சந்திக்கும் அந்த இடம் மட்டும் என்னை அழவைத்தது. எத்தனை கம்பி உடைந்தது என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இடையில் கார்பன் தூசி ஸ்விட்ச் போர்டுக்குள் போய், டப்பென்று வெடித்து, பட்டறையே இருண்டது. கார்பன் தூசியில் மின்சாரம் ஓடும் என்று நீ முன்பே சொன்னாய், நான்தான் ஈரத் துணி போதும் என்றேன். தூசி உறிஞ்சும் மெஷின் வந்ததற்கு அந்த வெடிதான் காரணம், நான் இறங்கிவந்தது காரணமில்லை.

கடைசியில் ஒன்று அமைந்தது. மெஷினிலிருந்து கழற்றியதும் துண்டுப் பலகையில் நீயே அறுத்துப் பார்த்தாய். ஓரத்தை எடுத்துக் கன்னத்தில் தேய்த்தாய். விரல் பொய் சொல்லும், கன்னம் சொல்லாது என்றாய். என் கன்னத்திலும் தேய்த்தாய். வழித்த சோற்றுப் பானை போல வழவழவென்று இருந்தது. அதே மாதிரி இன்னும் சிலவற்றைத் தீட்டி, பொட்டலம் கட்டி, கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். மறுவாரம் சேகர் கூப்பிட்டார், ஓரம் பழையபடி முள்ளாக வருகிறது என்றார்.

“சேகரு, உங்க மெஷின் தலையாட்டுது” என்றேன்.

“இல்லீங்கம்மா, ஆட்டம் அளக்கற டயல் வெச்சுப் பாத்துட்டேனுங்க.”

“டயலும் தலையாட்டும்.”

மறுபடி தீட்டினோம். மறுபடி இங்கே வழவழப்பு, அங்கே முள். சேகரின் மெஷினை, அவருடைய ஆட்களை, அவர் பலகையைப் பிடிக்கும் விதத்தை, சமவெளி மின்சாரத்தை, எல்லாவற்றையும் நான் திட்டித் தீர்த்தேன். நீ புனேக்காரர்களிடம் இன்னும் கொஞ்சம் தவணை கேட்டாய். அவர்கள் சரி என்றார்கள், ஆனால் குரல் மாறியிருந்தது என்றாய். அந்த நாட்களில் எனக்கு எப்படி இருந்தது என்று உள்ளபடி எழுதுகிறேன். நீ வருத்தப்பட்டதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அதே வயிற்றோடு, இன்னும் கொஞ்ச நாள் இவள் வீட்டில் இருப்பாள் என்று உனக்குப் பிடித்த கத்தரிக்காயும் வாங்கிவந்தேன். இரண்டும் உண்மை.

பிறகு சேகர் ஓரம் முள் முள்ளாக வந்த ஒரு துண்டோடு நேரிலேயே வந்தார். மலைப் பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வெளுத்துப்போய், இஞ்சி டீ குடித்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். நாம் எப்படிக் கழற்றுகிறோம் என்று அவருக்குக் காட்ட, முந்தின நாள் நீ தொலைபேசியில் வீடியோப் படம் எடுத்து வைத்திருந்தாய். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். படத்தில் நான் மழை வருமா வராதா என்று உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இடது கை கட்டரைக் கழற்றுகிறது. வலது கை ஏப்ரன் பைக்குள் போகிறது, பச்சைக் கல்லை எடுக்கிறது, புதிதாகத் தீட்டிய அந்த விளிம்பில் மேலிருந்து கீழாக ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, கல்லைப் பைக்குள் திருப்பி வைக்கிறது. நான் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நீ அறுத்துப் பார்த்தவையெல்லாம், பட்டறையை விட்டுப் போகாதவை என்பதால், கல் படாமல் நேராக உன் கைக்கு வந்தவை. பொட்டலத்துக்குப் போனவை மட்டும் என் கை வழியாகப் போயிருக்கின்றன. உருளைப் பல்லுக்கு உயிர் கொடுக்கிற அந்த இழுப்பு, முடியைப் போன்ற உன் விளிம்பைக் கொன்றுவிட்டது. “யாரும் தொடலே, யாரும் தொடலே” என்று இத்தனை நாளும் நான் சாதித்திருந்தேன். அது என் கைதான் என்று நம்ப எனக்கு நேரம் பிடித்தது.

அப்போதுதான் நிமிர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டாய், ‘நீங்க’ போட்டு. சேகர் எழுந்து, பேருந்து வருகிறதா என்று பார்ப்பது போல வெளியே போய்விட்டார். நல்ல மனிதர். நான் மெஷினைப் போட்டுவிட்டேன். அதன் சத்தத்தில் நீ மேலும் என்னென்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, கேட்காததற்கு எனக்கு வருத்தமும் இல்லை.

மறுநாள் காலையில் நீ செய்ததுதான் நான் நன்றி சொல்ல வந்த விஷயம். முந்தின நாள் சேகர் ஊருக்குக் கிளம்பும்போது உன்னிடம், கம்ப்யூட்டர் மெஷினில் கோயம்புத்தூரிலேயே தீட்டிக்கொள்ளலாம், வரைபடத்தை மட்டும் கொடு, அம்மாவை ஏன் வருத்தப்படுத்துகிறாய் என்று சொன்னது எனக்குக் கேட்டது. நீ சொன்ன பதிலும் கேட்டது. “அவங்க கை கெடுத்தத அவங்க கையே சரி பண்ணட்டுமுங்க.” என் வயதுக்கு வந்தவர்கள் ஒரு பிழை செய்தால் இந்த ஊரில் என்ன செய்வார்கள் தெரியுமா? பாவம், வயசாயிருச்சு என்று வேலையை மெல்ல வாங்கிக்கொள்வார்கள். நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. ஸ்டவ்வில் ஒரு டப்பா மெழுகை உருக்கி மெஷின் பக்கத்தில் வைத்தாய். “கழட்டுனதும் நேரா இதுல முக்கு. அதுக்கப்பறம் உன் கை என்ன பண்ணுனாலும் பண்ணட்டும்” என்றாய். சின்னக் குழந்தை நகத்தால் கீறாமல் இருக்கக் கைக்கு உறை போடுவார்களே, அப்படி இருந்தது எனக்கு. அவமானமாக இருந்தது. ஆனால் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்ததைக் கவனித்தேன். முக்கினேன்.

நம் குளிருக்கு மெழுகு உடனே இறுகிவிடும். அந்த மெழுகின் மேல் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியும் என்று எனக்கு இப்போது தெரியும். சேகர் பிறகு சொன்னார். ஒவ்வொரு கட்டரின் மெழுகிலும், மேலிருந்து கீழாக, கல் இழுத்த கோடு இருந்ததாம். அவர் பட்டறையில் பொட்டலத்தைப் பிரித்தபோது நீ அதைப் பார்த்துச் சிரித்தாயாம், அப்புறம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினாயாம். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், கண்ணு. தெரிந்த பிறகும், உன் முன்னாலேயே, வேண்டாம் வேண்டாம் என்று நானே அதட்டியும், என் வலது கை பைக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. வேண்டுமென்றே செய்கிறவள் பிடிபட்ட மறுநாளே நிறுத்தியிருப்பாள். கைக்கும் மனசு உண்டு, உள்ளே இருக்கும் ஆசைதான் கை வழியாக வந்தது என்று படித்தவர்கள் யாராவது உனக்குச் சொல்லலாம். நம்பாதே. என் கைக்குப் பழக்கம்தான் உண்டு. எவனோ ஒரு மேனேஜர் என் பிள்ளையைச் சொல்லி என்னைக் கேட்ட ஒரு கேள்விக்கு அது இத்தனை வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நீயும் நாளைக்கு நாலு பேரை வைத்து வேலை வாங்குவாய். ஒருவர் வேலையைக் கெடுத்தால் அவர் கையை நன்றாகப் பார். பார்த்தது கையைத்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதே. மனசைப் பார்த்துவிட்டதாக நினைத்துவிடாதே.

மெழுகில் முக்கி எடுத்த கட்டர்களை நீயே சேகரிடம் கொண்டுபோனாய். அவர் சுடுநீரில் மெழுகைக் கரைத்து, உன் காலிபரின் ஓரத்தைப் புதிதாகச் சீவி அனுப்பினார். நீ அதைத் தொடையில் மாட்டி, பள்ளத்துப் படியில் இறங்கி, கீழே தேயிலைக்குள் போய், திரும்பி ஏறி வந்தாய். மாலையில் கழற்றிப் பார்த்தோம், தோல் தோலாகவே இருந்தது. இப்போது சேகர் வேறு பிள்ளைகளுக்குச் செய்யும் காலிபர்களுக்கும் நம் கட்டர்தான் போகிறது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் யாருக்கும் நம்மைத் தெரியாது. ஓரத்தில் ஒன்றுமில்லை என்றால் யாரும் ஓரத்தைக் கவனிப்பதில்லை. இந்த வேலையை எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததற்கு, என் வயதில் எனக்கு ஒரு புதுக் கட்டர் தீட்டத் தெரியவைத்ததற்கு, என்னிடம் பாவம் பார்க்காமல் சண்டை போட்டதற்கு, சண்டை போட்ட மறுநாள் மெழுகு டப்பாவோடு வந்ததற்கு, உனக்கு நன்றி. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வந்திருக்காது.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். உன்னைப் போகவிடாமல் வைக்க நான் எந்தக் கட்டரையும் மழுக்கவில்லை. இல்லை என்றால் இல்லைதான். அப்படிக் கேட்டதை நான் மறக்க மாட்டேன், நீயும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் நீ கேள்வியை வேறு மாதிரி கேட்டிருக்கலாம். நான் போவது உனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டிருந்தால், ஆமாம், பிடிக்கவில்லை. மேனேஜர்களிடமும் உன் பெரியப்பாவிடமும் சேகரிடமும் ஓயாமல் ஆடிய இந்த வாய், அந்த ஒரு சொல்லை உன்னிடம் மட்டும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. சொன்னால் நீ தங்கிவிடுவாயோ என்று பயந்தேன். நீ பேருந்தில் ஏறியபோதுகூட, இட்லிப் பொட்டலத்தை மடியில் வை, சாய்ந்துவிடும் என்றுதான் சொன்னேன். இப்போது நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், வேலையில் உட்கார்ந்துவிட்டாய், இனிச் சொன்னாலும் எதுவும் கெட்டுவிடாது.

போகாதே, கண்ணு.

ஒரு தடவையாவது வாயால் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லியாயிற்று. நீ அங்கேயே இரு.

அம்மா